அக்கா அலசிய குடுவைகள்

கவிழ்த்து வைத்திருந்த கண்ணாடிக் குடுவையின் விளிம்பில் வெள்ளையாக ஒரு வளையம். நகத்தால் சுரண்டினேன், மாவாக உதிர்ந்தது. எங்கள் விடுதி வாளியில் படிகிற அதே உப்புக்கறை. அந்த நொடியில்தான் உறைத்தது: கால்சியம்!

மூன்று வாரமாக நாங்கள் தோற்றுக்கொண்டிருந்தது இதனால்தான். ஆட்டு மூளையிலிருந்து பிரித்தெடுத்த புரதத்தை உடல்சூட்டுக்குக் கொண்டுவந்தால், அது தானாகக் கோத்துக்கொண்டு நுண்குழல்களாக நீளும். நரம்பு செல்லுக்குள் சாரம் கட்டினாற்போல் நிற்பவை அவை. கால்சியம் வந்தால் போதும், கால்மாடுலின் என்ற இன்னொரு புரதம் அதைப் பற்றிக்கொண்டு சாரத்தைச் சரித்துவிடும். அந்தக் கால்மாடுலினை ஒரு மருந்தால் முடக்கினால் குழல்கள் தப்புமா? இதுதான் என் கேள்வி. தப்புவதற்கு முதலில் குழல்கள் எழவேண்டுமே! இந்த வாரமும் எழாவிட்டால் தலைப்பையே மாற்றிவிடலாம் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

நான் பழியைத் தூக்கி ஆய்வக உதவியாளர் அக்காவின் மேல் போட்டிருந்தேன். கோவளத்துக் கறிக்கடையில் மூளை வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்து, காலை பஸ்ஸில் கொண்டுவருவது அவர்தான். "பழசா வாங்கிட்டீங்களாக்கா?" என்று கேட்டேவிட்டேன்.

"இன்னாமா பேசுற? அறுத்த சூடு கூட ஆறல. பெட்டிய மடியில வெச்சிகினு வரேன், பெத்த புள்ளயான்றான் கண்டக்டரு. பழசாம், பழசு!"

இப்போது குடுவையோடு அவரிடம் ஓடினேன். உப்பெல்லாம் நீக்கிக் கேனில் வரும் வடிநீரில் கழுவிய பிறகு, எல்லாவற்றையும் போர் தண்ணீரில் இன்னொரு முறை அலசுவாராம். "அந்த கேன் தண்ணி உப்புசப்பு இல்லாம கீது. கழுவுனா மாதிரியே இல்ல. உனக்கு நல்லா வரட்டும்னு நான்தான் எக்ஸ்ட்ரா ஒரு அலசு."

கடலோரப் போர் தண்ணீர். அது சொட்டச் சொட்ட இருந்த குடுவைகளில்தான் நான் அவசர அவசரமாகக் கரைசல் கலந்திருக்கிறேன். வடிநீர் எதற்கென்று ஒருநாளும் அவரிடம் சொன்னதில்லை. பேராசிரியரிடம் அதை என் தப்பென்றே ஒப்புக்கொண்டேன்.

மறுநாள் வடிநீரில் மட்டும் கழுவிய குடுவையில் கலந்தேன்; குழல்கள் எழுவதை அளந்து காட்டும் கருவியின் திரையில் கோடு ஏறியது. என் தோளில் அக்கா ஒரு இடி இடித்தார். "மூள பழசுன்னியே, பாத்தியா? செரி, இப்ப மருந்தப் போட்டுட்டு என் போர் தண்ணியவே ஊத்து. நிக்குதா, வுழுதா பாப்போம்."

சிரித்துத் தட்டிக்கழித்துவிட்டேன். பிறகு அக்காவுக்குச் செங்கல்பட்டில் நிரந்தர வேலை கிடைத்தது, போய்விட்டார். நான் அளந்து போடும் கால்சியத்தை மருந்து ஓரளவு தாங்குகிறது. கண்ட உப்பும் கலந்த போர் தண்ணீரைத் தாங்குமா? யாருமே என்னிடம் அதைக் கேட்கவில்லை, அக்காவைத் தவிர.

திங்கட்கிழமை அந்தப் போர் தண்ணீர்க் குழாயிலிருந்து பிடித்து ஊற்றப்போகிறேன். கோடு நின்றாலும் விழுந்தாலும் முதல் போன் செங்கல்பட்டுக்குத்தான்.