சிட்டுவின் வாயில் நுரை

எங்கள் நாய் சிட்டு முதலில் வாந்தி எடுத்தது பால்கொட்டாய்க்குப் பின்னால். ரப்பர் மரத்தில் பால் வெட்டி, அதைக் கொட்டாயில் ஊற்றிவிட்டு வாளி கழுவிக்கொண்டிருந்தேன். வயிறு ஒட்டி ஒட்டி விலக, கழுத்தை நீட்டி மஞ்சள் தண்ணீரைக் கக்கியது.

நாய் வளர்க்கிறவர்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். புல்லைத் தின்று ஒருமுறை கக்கிவிட்டு வாலாட்டிக்கொண்டு வந்தால் பெரும்பாலும் பயமில்லை. சிட்டு மறுபடி மறுபடி கக்கியது. பிறகு நடுங்கியது.

நடுக்கம் என்றால் மலாயாவில், செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் எங்களுக்குத் தெரிந்தது ஒரே நோய்தான்: மலைக்காய்ச்சல் (கொசுக்கடியால் வரும் குளிர்காய்ச்சல்). அதற்காகக் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லோருக்கும் கொய்னா மாத்திரை கொடுப்பார்கள். குடலைப் பிடுங்கும் கசப்பு. என் வீட்டுக்காரர் முத்தையா மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி, அப்புறம் துப்பி, மடியில் முடிந்துகொள்வார். விழுங்கினால் காது இரைகிறதாம்.

அந்த மாத்திரைகளைத்தான் நசுக்கித் தண்ணீரில் கரைத்து, சிட்டுவின் வாயைப் பிளந்து ஊற்றினார். தனக்கு ஆகாத மருந்து நாய்க்கு ஆகும் என்று எந்த வைத்தியன் சொன்னானோ!

சற்று நேரத்தில் வாயெல்லாம் நுரை. சோப்புத் தண்ணீர் மாதிரி வழிந்தது. பக்கத்து வீட்டு அஞ்சலை அலறினாள்.

“வெறிநாய்லா! புள்ளைங்கள உள்ள இழுங்க!”

வேலையை மேற்பார்க்கும் கங்காணி வந்தார். “தூணுல கட்டுங்க. தொரைக்கு ஆள் அனுப்பிட்டேன். துப்பாக்கியோட வருவாரு.”

லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) வெறிநாய் என்று பேர் வந்துவிட்டால் அத்தோடு சரி. நான் முத்தையாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். கொய்னாவைத் துப்புகிறவன் என்று தெரிந்தால் வேலையே போகலாம். அது எனக்கும் தெரியும். ஆனாலும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“வெறி இல்லங்கய்யா. கொய்னாவ ஊத்திட்டோம்.”

“கொய்னாவா? ஏது?”

நான் வாயைத் திறப்பதற்குள் முத்தையாவே மடியை அவிழ்த்து மிச்ச மாத்திரைகளைக் காட்டினார். “நாந்தான் துப்பித் துப்பி வச்சிருந்தேங்கய்யா. என்னைய என்ன வேணா செய்ங்க. அதச் சுட வேணாம்னு சொல்லுங்க.”

கங்காணி டிரசரை (தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர்) கூட்டிவந்தார். அவர் தள்ளி நின்றே பார்த்தார்.

“கசப்பு பட்டா நாய்க்கு நுரை தள்ளும். அதுக்காக அவுத்து விட்றாதீங்க. தனியாவே கெடக்கட்டும். யாரையாச்சும் கடிச்சிச்சா?”

“இல்லங்கய்யா.”

“சோறு வேணாம். தண்ணிய மட்டும் கொஞ்சங் கொஞ்சமா, குச்சியால தள்ளி வைங்க. கிட்டப் போகாதீங்க.”

துரை துப்பாக்கியோடு வந்தார். டிரசர் சொன்னதைக் கேட்டு, பொறுத்துப் பார்ப்போம் என்று திரும்பினார். அவர் முதுகு மறைந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

பொழுது சாய்வதற்குள் நுரை நின்றது. அப்புறம் ஒரு பெரிய குமட்டல். எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒட்டுப்பால் (மரத்தில் வழிந்து காய்ந்த ரப்பர்) வெளியே விழுந்தது. அதற்குள் ஒரு கருவாட்டுத் தலை. யாரோ சாப்பிட்டு எறிந்தது பாலோடு ஒட்டியிருக்க வேண்டும். வாசம் பிடித்து அப்படியே விழுங்கியிருக்கிறது. காய்ச்சலும் இல்லை, வெறியும் இல்லை.

மறுநாள் கஞ்சித் தண்ணீர், பிறகு குழைந்த சோறு. டிரசர் சரி என்று சொல்லும்வரை கட்டை அவிழ்க்கவில்லை. முத்தையாவின் வேலை தப்பியது. ஆனால் பெரட்டில் தினமும் எல்லோர் முன்னாலும் மாத்திரையை விழுங்கி, வாயைத் திறந்து காட்ட வேண்டியதாயிற்று.

எனக்கு இப்போது சாப்பாட்டு நேரம் தட்டைக் கழுவினாலும் முடிவதில்லை. சிட்டு தின்றது தங்குகிறதா என்று அதன் வயிற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் வயிற்றில் எது இரைந்தாலும் கவனிக்கிறேன். முன்பெல்லாம் எனக்கு வயிறு என்று ஒன்று இருப்பது பசித்தால்தான் தெரியும்.

சிட்டு தேறிவிட்டது. முத்தையா கையால் மட்டும் எதையும் வாங்குவதில்லை. அவர் மீன் துண்டை நீட்டினாலும் எழுந்து போய்விடும். அவர் அதை என்னிடம் தருவார்.

“நீயே குடு. கோவிச்சுக்கிட்டுப் போவட்டும். உசுரோட இருந்தாத்தானே கோவிக்க முடியும்.”