எட்டாந்தெருவில் ஒரு விரல்

முதலில் ஈரத்துணி, அப்புறம் கசக்கிய செய்தித்தாள். ஒன்பது மணிக்குக் காட்சிக்கூடம் திறப்பதற்குள் அந்தப் பெரிய கண்ணாடியைத் துடைத்து முடித்தாக வேண்டும். துடைக்கிற தங்கச்சிக்குக் கையோடு வாயும் நடக்கும். "மூணாந்தெருப் பெரியம்மா வந்துட்டுப் போயிருக்கு. கண்ணு மங்கிப்போச்சு பாவம், ரெண்டாந்தெருவுல தேடியிருக்கு பாருங்கண்ணே."

கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது ஊர்ப்படம். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தி எவனோ ஒருவன் குன்றின் மேல் உட்கார்ந்து, ஆற்றங்கரை ஊரையும் பக்கத்துக் கடற்கரை ஊரையும் ஒரே தாளில் வீடு வீடாக வரைந்தது. வீடு நகக்கண் அளவு; படகோ வீட்டைவிடப் பெரிசு. ஆற்றங்கரைப் பக்கம் கண்ணாடி எப்போதும் பளிச்சென்று இருக்கும். அவர்களுக்கு வீடு இருக்கிறது, படத்தில் எதற்குத் தேட வேண்டும்? கடற்கரை ஊரில் எட்டுத் தெரு. ஏழு தெருவைக் கடல் தின்றுவிட்டது. வீடு போனவர்கள் வந்து, இருந்த இடத்தில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவார்கள். அந்தத் தடங்களைத் துடைப்பதுதான் இவளுக்கு உத்தியோகம்.

என் அம்மாவுக்குச் சித்தப்பா மகள் ஒருத்தி. அவளுடைய கடைசிப் பெண் இவள். முறைக்கு எனக்குத் தங்கச்சி. இவளுக்கு மூத்தவன் படகு எஞ்சின் பழுது பார்க்கிறவன், எஞ்சின் தம்பி என்றுதான் கூப்பிடுவோம். அவர்கள் வீடு எட்டாந்தெரு. சித்தி அங்கே வாழ்க்கைப்பட்டுப் போனபோது, "கடலைப் பார்க்கணும்னா விடியறதுக்குள்ள கிளம்பணும் போலிருக்கே" என்று என் அம்மா கேலி பண்ணினாள். இப்போது அலை வீட்டுக்குள் வந்து பார்த்துவிட்டுப் போகிறது.

தங்கச்சி ஆற்றங்கரையில் ஓர் அறை எடுத்து வந்துவிட்டாள். அண்ணன்காரன் வரவில்லை. ஞாயிறுதோறும் போய்க் கூப்பிடுவாள். அவன் சிரிப்பான். "ஏழு தெருவைத் தின்னிருக்கு. இன்னுமா பசிக்கும்? படத்தைப் பாரு, நம்ம வீடு எவ்வளவு உள்ளே இருக்கு!"

எட்டாந்தெருவில் மட்டும் யாரையும் விரல் வைக்க விடமாட்டாள். "போன வீட்டுக்குத்தான் விரல். இருக்கிற வீட்டுக்கு என்னாத்துக்கு?" பார்வையிட வந்த மேலதிகாரியின் கையையே தட்டிவிட்டவள்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் துணியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள். எட்டாந்தெருவில் ஒரு விரல் தடம். கறுப்பு. குனிந்து முகர்ந்தாள். கிரீஸ். முதல் நாள் சாயங்காலம் இவள் தண்ணீர் பிடிக்கப் போன நேரமாகப் பார்த்து வந்திருக்கிறான்.

"தெரிஞ்சுதாண்ணே இருக்கு அதுக்கு. எங்கிட்ட மட்டும் சிரிப்பு."

தெரிந்தவன் கிளம்பிவிடுவான் என்று ஒரு நப்பாசை. சாக்கு ஒன்றைச் சுருட்டிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு மத்தியான பஸ் ஏறினாள்.

கடல் பக்கத்துச் சுவர் இல்லை. பாதித் தரையில் ஈரமணல். அவன் பெட்டிமேல் உட்கார்ந்து ஏதோ போல்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"படம் பார்க்க வந்தியாமே?"

நிமிரவில்லை. "தொடைச்சிட்டியா?"

"தொடைச்சிட்டேன்."

"நல்லதாப் போச்சு."

"கிளம்புண்ணே. சாக்கு கொண்டாந்திருக்கேன்."

"அங்க வந்து? நானும் தினம் கண்ணாடியைத் தடவவா?"

"தண்ணி வந்தா என்ன பண்ணுவே? படகுக்காரங்களோட பொழங்கி என்ன, நீச்சல்கூடத் தெரியாதே உனக்கு!"

"நல்லதுதானே. தெரிஞ்சா நேரமாகும்."

கத்தினாள். கையைப் பிடித்து இழுத்தாள். காலில்கூட விழுந்து பார்த்தாள். நானும் என் பங்குக்கு, "தம்பி, நான் சொன்னாக் கேக்கமாட்டியா?" என்றேன். அவன் அந்த போல்ட்டைத் துடைத்து முடித்து அடுத்ததை எடுத்தான். "பஸ் போயிடும், போங்க" என்றான்.



"நீங்க போங்கண்ணே" என்றாள் என்னிடம். காலைத் தூக்கிச் செருப்பைக் கழற்றினாள். மணலை உதறினாள். அலை வராத உயரத்தில், அலமாரியின் மேல்தட்டில் அவன் செருப்பு இருந்தது. அதைக் கொஞ்சம் நகர்த்தி, பக்கத்தில் தன்னுடையதை வைத்தாள்.