கடற்கோடிக் கீறல்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். லென்ஸ் வேலை செய்பவனுக்கு ஒளி எங்கே வளையும், எங்கே சிதறும் என்று தெரியும், அதனால் கண்ணில் படுவதற்கெல்லாம் காரணம் உண்டு என்ற திமிரும் இருக்கும். நீங்கள் நம்பத்தான் வேண்டும் என்பதில்லை. ஆனால் நடுவில் மட்டும் சிரித்துவிடாதீர்கள்.

உலக யுத்தம் முடிந்த மறுவருடம். தூத்துக்குடிக் கடற்கரை ரோட்டில் ஒரு மாடி அறையில் காமிரா, பைனாகுலர் ரிப்பேர் செய்துகொண்டிருந்தேன். டூரிங் டாக்கீஸ் முதலாளி ஒருவர் எந்தக் கப்பல்காரனிடமோ வாங்கிய பழைய லென்ஸைக் கொண்டுவந்தார். விசித்திரமான சாமான். அகலமான காட்சியைப் பக்கவாட்டில் நெருக்கிக் காட்டும், அதில் பார்த்தால் குண்டு ஆளும் ஒல்லியாகிவிடுவார். அதன் முன்கண்ணாடி ஒரு மயிரிழை திரும்பினாலும் காட்சியில் இருக்கிற அத்தனையும் சாயும். முதலாளி சொன்ன கோளாறும் அதுதான், சாய்வும் மங்கலும்.

இரண்டே நாளில் சரிசெய்துவிட்டேன். தேய்ந்து அழிந்திருந்த தூரக் கோடுகளையும் பித்தளை வளையத்தில் நானே புதிதாகக் கீறினேன். பத்தடிக்கு ஒன்று, நூறடிக்கு ஒன்று, கடலும் வானமும் தொடுகிற கடற்கோடிக்கு ஒன்று. கடைசிச் சோதனைக்கு நேராக நிற்கிற பொருள் வேண்டும். ஜன்னலுக்கு எதிரே நூறடியில் தோணிகள் கட்டிக் கிடந்தன, பாய்மரத்தைவிட நேரானது எது?

அதில் ஒரு தோணி வெங்காயம் ஏற்றிக்கொண்டு மத்தியானம் கொழும்புக்குப் புறப்படுவது. என் மச்சினன் சவரி முதல் தடவையாக அதில் போகிறான். தாயில்லாத பிள்ளை, என் மனைவி அமலிதான் வளர்த்தாள், அவன் என்றால் அவளுக்கு உயிர். ஜன்னலிலிருந்து கூப்பிட்டேன். "ஏலே சவரி, மரத்து உச்சியில ஒரு வெள்ளத் துணி கட்டுலே, ஃபோகஸ் பாக்கணும்!"

"அக்கா தந்த துண்டு இருக்கு அத்தான், அதக் கட்டுதேன். கொழும்பு வரைக்கும் அங்கனயே பறக்கட்டும்!"

ஏறிக் கட்டினான். நான் அறையை இருட்டாக்கி, லென்ஸ் வழியாக, திரையாக வைத்த தேய்த்த கண்ணாடியில் விழுந்த காட்சியைப் பார்த்தேன். மற்றப் பாய்மரங்கள் எல்லாம் நேராக நின்றன. சவரியின் தோணி மரம் மட்டும் சாய்ந்திருந்தது.

முன்கண்ணாடியைத் திருப்பினேன். அந்த மரம் நிமிர்ந்தது, மற்றதெல்லாம் சாய்ந்தது. பழையபடி வைத்தால் மறுபடியும் அது மட்டும் சாய்வு. நம்பினால் நம்புங்கள், ஜன்னலைத் திறந்து வெறும் கண்ணால் பார்த்தால் அது நேராகத்தான் நிற்கிறது. ஃபோகஸும் அப்படித்தான். நூறடிக் கீறலில் தோணியின் கயிறுகூடத் தெளிவாகத் தெரிகிறது, மரமும் துண்டும் மட்டும் புகை மாதிரி. வளையத்தைத் தள்ளிக்கொண்டே போனேன். கடற்கோடிக் கீறலுக்கு வந்த பிறகுதான் துண்டின் முடிச்சு தெளிந்தது.

இங்கேதான் நான் மடையனானேன். லென்ஸ் கெட்டிருந்தால் எல்லாமே சாயும், ஒன்று மட்டும் சாயாது. இது என் தொழிலில் அரிச்சுவடி. அப்படியும் கோளாறு சாமானில்தான் என்று பிடிவாதமாகத் திருப்புளியை எடுத்தேன். கழற்றினேன், துடைத்தேன், பூட்டினேன், மறுபடி கழற்றினேன். மூன்று மணி நேரம் அப்படியே போயிற்று. பிறகுதான் கோளாறு லென்ஸில் இல்லை என்று உறைத்தது, திருப்புளியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

தோணி பாய் விரித்து நகர்ந்துவிட்டது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கத்தினேன், குதித்து வந்துவிடச் சொல்லிக் கையை ஆட்டினேன். சவரி சிரித்தான். உச்சியில் பறந்த துண்டைக் காட்டி, கெட்டியாகக் கட்டியிருக்கிறேன் என்று முடிச்சை இழுப்பது போல் சைகை செய்தான். நான் என்ன செய்வேன்? லென்ஸில் மரம் சாய்கிறது என்றால் யார் தோணியைத் திருப்புவார்கள்? அமலியிடம்கூடச் சொல்லவில்லை.

பதினோராம் நாள், வேறொரு தோணியை ஓட்டி வந்த தண்டல் வீட்டு வாசலில் வந்து நின்றார். "முத்துக் குளிக்கிற பாருக்கு அங்கிட்டு, பாய்மரம் மட்டும் தண்ணிக்கு வெளிய நிக்கி அண்ணாச்சி. ஆளு ஒருத்தரையும் காணும்." முன்கையைச் சாய்த்துக் காட்டினார். அதே சாய்வு. "உச்சியில துண்டு ஒண்ணு கெடந்துச்சு, அதனாலதான் எங்க கண்ணுல பட்டுச்சு."

"துண்ட எதுக்கு அங்க போய்க் கட்டினான்?" என்று அமலி அழுகைக்கு நடுவில் கேட்டாள்.

டாக்கீஸ் முதலாளி லென்ஸைத் திரும்ப வாங்க வரவேயில்லை. பூஞ்சை பிடிக்காமல் வருடம் ஒருமுறை துடைத்து, எதையாவது வைத்துச் சோதித்துப் பார்ப்பேன். எப்போதும் எல்லாம் நேராக இருக்கும், எல்லாம் தெளிவாக இருக்கும். போன வாரமும் பார்த்தேன். முற்றத்தில் அமலி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பத்தடிக் கீறலில் வைத்தேன். கொடிக்கயிறு தெரிந்தது, ஈரச் சேலையின் மடிப்பு தெரிந்தது. அவள் மட்டும் புகையாக இருந்தாள்.

வளையத்தைத் தள்ளினேன். எந்தக் கீறலில் அவள் முகம் தெளிந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"அங்கன உக்காந்து என்னத்தப் பாக்கீய?" என்றாள்.

"ஏளா, ஒண்ணுமில்ல."

அன்றிலிருந்து அவளைத் தனியாகக் கடைக்குக்கூட விடவில்லை. எதிலிருந்து காக்கிறேன் என்றும் எனக்குத் தெரியவில்லை. இதோ, உள்ளே மீன் கழுவிக்கொண்டிருக்கிறாள். பேச்சு நடுவில் நான் எழுந்து போனால் தப்பாக நினைக்காதீர்கள், அந்தத் தண்ணீர்ச் சத்தம் நின்றிருக்கும்.