வழுக்காத பாறை

பக்கவாதம் வந்த பிறகு என் கணவர் வெள்ளவத்தை ஃபிளாட்டின் நடைகூடத்தில் சுவரைப் பிடித்து நடை பழகினார். எனக்காகவோ மகளுக்காகவோ அல்ல, நக்கிள்ஸ் மலையிலிருந்த ஒரு பாறைக்காக. தாவரவியல் படிப்பித்தவர். அதில் பாசிபோலப் படர்ந்திருந்த இலைக்கனை, அதாவது லைக்கனை, இளவயதிலிருந்தே அளந்து வந்தார். பங்கசு என்ற பூஞ்சையும் அல்கா என்ற நுண்பாசியும் ஒன்றையொன்று அண்டிப் பிழைக்கும் சாம்பல் வட்டங்கள். மகள் நேர்சரிக்குப் போய், படித்து, கலியாணம் முடித்துக் கனடா போகுமட்டும் ஒரு வட்டம் வளர்ந்தது ஒரு நக அகலம். "உங்கட பிள்ளை சாப்பிடுறேல்லைப் போல" என்று அந்த வட்டத்தைச் சொல்லிக் கேலி செய்வேன். சிரிக்கமாட்டார். சித்திரைக்குள் மலையேறிவிடுவேன் என்று, உடற்பயிற்சி செய்விக்க வரும் பெண்ணிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

நாட்டில் போர் முடிந்ததும் கொழும்பே மலையேறத் தொடங்கியிருந்தது. ஒரு போயா பௌர்ணமி விடுமுறைக்கு எங்கள் ஃபிளாட்காரரும் அந்த மலைக்கு பஸ் பிடித்தார்கள். பாறையைப் படமெடுத்து வரச் சொல்லி அவர் என்னை அனுப்பினார். சோற்றுப் பார்சலும் பைலாப் பாட்டுமாக எல்லோரும் முன்னே போக, முழங்கால் வலியோடு நான் கடைசியாக ஏறினேன்.

மேலே போனால், கூட்டம் முழுவதும் அந்தப் பாறையில்தான் நின்றது. குரூப் ஃபோட்டோவுக்கு அதைவிட நல்ல இடம் இல்லையாம். வாராவாரம் வந்தவர்கள் ஓரங்களை ஏற்கெனவே மிதித்துத் தேய்த்திருந்தார்கள். நடுவிலும் இப்போது வெறுங்கல்லும் சாம்பல் தூளும்தான். மூன்றாம் மாடியில் இருக்கும் வங்கிக்காரர் கை நீட்டினார்.

"பயப்பிடாமல் ஏறுங்கோ அன்ரி. பாசியில நீங்கள் வழுக்கிப்போடுவீங்கள் எண்டு எல்லாருமாச் சப்பாத்தால தேய்ச்சு விட்டிட்டம்."

மழை ஓய்ந்ததும் எங்கள் மொட்டைமாடிப் பாசியைத் தும்புத்தடியால் தேய்ப்பவர் அவர்தான். முன்பு நான் அதில் விழுந்து கை முறிந்தபோது களுபோவில ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவரும் அவரே. அந்த மனிதரை எந்த வாயால் திட்டுவது? அது பாசியும் அல்ல, பாறையில் ஒரு பொட்டு ஈரம்கூட இல்லை. படத்தை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

வீட்டில் அவர் ஃபோனை வாங்கி, படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன்.

"பாவம், உமக்காகத்தானே அந்தச் சனம் செய்தவை" என்றார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் காலை உடற்பயிற்சிப் பெண் வந்து நடக்க எழும்பச் சொன்னாள். அவர் கதிரையை விட்டு அசையவில்லை.

"வேண்டாம் பிள்ளை. இனி எங்க போறதுக்கு?"