உள்ள போ கண்ணு

பிள்ளைகளே, அப்பா கோல்ஃப் மைதானத்தில் கத்தியது உண்மைதான். அதற்காக நான் வெட்கப்படவில்லை.

நியூஜெர்சியில் நடந்த பெரிய சாம்பியன்ஷிப்பின் கடைசிக் குழி அது. பந்து விழுந்தால் கோப்பை, விழாவிட்டால் ஆட்டம் சமன். முன்னணி ஆட்டக்காரர் மெல்லத் தட்டிய பந்து விளிம்பில் வந்து தயங்கியது. "உள்ளே போ!" என்று கூட்டமே இங்கிலீஷில் கத்தியது. நானும், "உள்ள போ கண்ணு, போ!" என்று கத்தினேன். பந்து விழுந்தது, அவர் ஜெயித்துவிட்டார். ஆபீஸிலிருந்து எங்களை அழைத்துப்போன அமெரிக்க மேனேஜர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மேனேஜர் முன்னாடி தமிழ்ல கத்தி மானத்த வாங்கிட்டீங்களே சார்! சாரின்னு ஒரு மெயில் போட்ருங்க" என்றார் கூட வந்த சென்னைக்காரர்.

"எல்லாருஞ் சொன்னதத்தானுங்க நானுஞ் சொன்னேன்!"

இருந்தாலும் வேலையை நினைத்துப் பயம். வீட்டு வாசலில், காருக்குள் தனியாக உட்கார்ந்து அந்த மெயிலை டைப் செய்தேன். இரண்டாவது வரியில் கோபம் வந்தது. மொத்தத்தையும் அழித்தேன்.