காலாப்பட்டு பஸ்ஸில் ஒரு கோலி சோடா

பெரிய மார்க்கெட் வாசலில் காலாப்பட்டு பஸ்ஸுக்காக நிற்கிறேன். அங்கே சவுக்கு வளர்க்கும் விவசாயிகளிடம் நான் பேச வேண்டும். சவுக்கை எரித்து மின்சாரம் எடுத்து, புகையில் வரும் கரியமில வாயுவைப் பிரித்துப் பூமிக்கடியில் அடைத்துவிட்டால் என்றைக்கும் வெளியே வராது என்று கையில் இருக்கும் தாள் சொல்கிறது. அந்த 'என்றைக்கும்' வரும்போதெல்லாம் வாசிப்பதை நிறுத்திவிடுகிறேன். "உறுதியா சொல்றியா?" என்று ஒருவர் கேட்டால் போதும், ஐம்பது வயது நிபுணரான நான் ஜன்னல் வழியாகக் குதித்துவிடுவேன்.

சோடாக்காரர் கேஸ் ஏற்றிய பாட்டிலை நீட்டுகிறார். பச்சைக் கண்ணாடிக்குள் வெயில் கடலாக அசைகிறது. மல்லிகை வாசம், மீன் வாடை, ஹாரன் சத்தம் எல்லாம் அதற்குள் மெல்ல மூழ்குகின்றன.

"இதுலயும் கரியமில வாயுதானே அண்ணே, எப்படி உள்ளேயே நிக்குது?"

"கேஸே கோலிய மேல தள்ளி வாயடச்சிக்கும் சார்."

"எப்பவுமே வெளிய வராதா?"

"கழுத்துல ரப்பர் நல்லாருக்கிற வரைக்கும் வராது. அத நான் பாத்துப் பாத்து மாத்திக்கினே இருக்கேன். உங்களுக்கு ஏன் சார் இப்பிடி வேத்துக் கொட்டுது? ஒடச்சிக் குடுக்கவா?"

"வேணாம், அப்படியே குடுங்க."

"பாட்டில் திரும்பி வரணும்!"

ஏறி உட்கார்ந்ததும் பஸ் கிளம்புகிறது. தாளில் 'என்றைக்கும்' என்பதை அடித்துவிட்டு, 'பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும்வரை' என்று எழுதுகிறேன்.

ஒவ்வொரு வேகத்தடையிலும் குனிந்து மடியிலிருக்கும் பாட்டிலின் கோலியைப் பார்த்துக்கொள்கிறேன். இப்போதைக்கு அந்த ஆள் நான்தான்.