ஏழாம் வகை மரு

இறைச்சிக் கூடத்தில் அவருக்கு உறைக்காரர் என்று பெயர். வேலை முடிந்த பிறகும் கையுறையைக் கழற்றமாட்டார். இருபத்திரண்டு வருடமாகக் குளிர் அறையில் நின்று எலும்பிலிருந்து சதையைப் பிரிக்கிற கைகள். ஈரமும் கத்திக் கீறலும் ஓயாத அந்தக் கைகளில் காலிஃபிளவர் மாதிரி மருக்கள் பூத்துக் கிடந்தன.

"ஏண்ணே, கனவுலயாவது உறையக் கழட்டுவீங்களா?" என்பார் எடை போடுகிறவர்.

"கனவுல எனக்குக் கையே கிடையாதுப்பா."

பதினொரு வருடத்துக்கு முன், எட்டு வயது மகனின் ஆள்காட்டி விரலில் ஒரு மரு வந்தது. மனைவி அந்த விரலைப் பார்த்தாள். பிறகு அவர் கைகளைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கு அது போதும். அந்த வாரமே மூன்று தெரு தள்ளி ஓர் அறை எடுத்தார். காரணத்தைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. மகனை வாசலில் நின்றே பார்த்துவிட்டுத் திரும்புவார். பையன் பரிசு வாங்கிவந்து காட்டிய நாளில்கூடத் தோளைத் தொட்டதில்லை. அறையில் ஒரு தட்டு, ஒரு தம்ளர், ஒரு துண்டு. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து அறைக்காரர் வீட்டு விருந்தாளிகளின் சிரிப்பு சுவர் வழியாக வரும். எந்தக் குரல் யாருடையது என்று அவருக்கு மனப்பாடம்.

போன மாதம் ஆராய்ச்சி செய்கிற பெண் ஒருத்தி கூடத்துக்கு வந்து, எல்லோருடைய மருவையும் சுரண்டிச் சின்னக் குப்பிகளில் எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்தவள் அவரைத்தான் முதலில் தேடினாள்.

"உங்க கையில மூணு இடத்துல எடுத்தேன்ணா. மூணும் ஏழாம் வகை."

"மருவுல வகை வேறயா?"

"மருவ உண்டாக்குற வைரஸ்ல இருநூறுக்கு மேல வகை இருக்கு. மரபணுவ வச்சுத்தான் பிரிக்க முடியும். இந்த ஏழு, கறி வெட்டுறவங்க கையிலதான் அதிகம். வெளிய ரொம்ப அபூர்வம்."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "இன்னொருத்தர் மருவையும் பாத்துச் சொல்வியாம்மா?"

மகன் விரலில் மறைந்துபோன மரு மறுபடி முளைத்திருந்தது. ஏன் எதற்கு என்று சொல்லாமல் அவனைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார். முடிவு வரப் பத்து நாள் ஆனது.

"ரெண்டாம் வகைண்ணா," என்றாள் அவள் தொலைபேசியில். "பள்ளிக்கூடம், விளையாட்டு மைதானம், எங்க வேணா ஒட்டியிருக்கும். உங்ககிட்டேருந்து போனதில்ல."

அன்றே மகனைத் தொலைபேசியில் கூப்பிட்டு, வீட்டை விட்டுப் போன காரணத்தையும் சொன்னார்.

"இதுக்காகவாப்பா போனீங்க? உங்களுக்கு எங்களப் பிடிக்கலன்னுல்ல நெனச்சோம்."

ஞாயிறு மதியம் அந்த வீட்டு வாசலில் போய் நின்றார். மனைவி கதவைத் திறந்தாள். காதோரம் நரைத்திருந்தது.

"பையன் சொன்னான்," என்றாள். "நான் உங்களப் போகச் சொன்னேனா?"

"நீ பாத்தியே."

"பாத்தேன். வலிக்குதான்னு கேக்க வாயெடுத்தேன். அதுக்குள்ள நீங்க பெட்டியக் கட்டிட்டீங்க."

அவர் உறையைக் கழற்றி எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பையில் திணித்தார்.

"உள்ள வந்து உக்காருங்க. சாப்பாடு ஆயிடுச்சு."

சாப்பாட்டு மேசையைச் சுற்றி மூன்று நாற்காலிகள். ஒன்றின் மேல் மகனின் புத்தகங்கள், ஒன்றில் அவளுடைய கைப்பை, மூன்றாவதில் மடித்த துணிகள். எதை எடுத்துவிட்டு உட்காரலாம் என்று கேட்க வாய் வராமல், வெறுங்கையோடு அவர் நின்றுகொண்டிருந்தார்.